அமாவாசை பார்த்து நடக்க வேண்டிய கரை

வணக்கம் நேயர்களே.

பாஸ்க் நாட்டுக் கடற்கரைக்கு ஒரு சனி, ஞாயிறு போய் நடந்துவிட்டு வருவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் வடகோடியில் தொடங்கி பிரான்சுக்குள் கொஞ்ச தூரம் போகிற கரை அது. எதிரே பிஸ்கே விரிகுடா. சான் செபாஸ்டியன், பில்பாவோ என்ற இரண்டு ஊர்களின் பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கரையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் கேட்பது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்றுதான். இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை என்ன திதி?

சிரிக்காதீர்கள். சுவரில் தொங்குகிற தினசரி நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கரைக்குக் கிளம்ப வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் நம் கண்ணில் அவ்வளவாகப் படாது. அமாவாசை, பௌர்ணமிக்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். அலை கொஞ்சம் மேலே வந்தது, கொஞ்சம் கீழே போனது என்று விட்டுவிடுவோம். பாஸ்க் கரையில் அதே நாட்களில் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஒரு மாடி உயரத்துக்கும் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு நாளில் இரண்டு தடவை நடக்கிறது. ஏறுவதற்கு ஆறு மணிநேரத்துக்குச் சற்று மேல், வற்றுவதற்கு அதே அளவு. காலையில் பந்து விளையாடுகிற அளவுக்கு மணல் கிடந்த இடத்தில், மாலையில் அலை நேராகப் பாறையில் மோதிக்கொண்டிருக்கும். அதே இடம்தான். நம் கடலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது பழக்கமில்லை. அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் நிற்கிற நாட்கள் அமாவாசையும் பௌர்ணமியும். இரண்டும் சேர்ந்து கடலை இழுக்கின்றன. அதனால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. உச்சம் அன்றைக்கே வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும். சந்திரன் பாதியாக இருக்கிற அஷ்டமியை ஒட்டி ஒன்றை ஒன்று குறுக்கே இழுப்பதால் எல்லாம் சிறிதாகிவிடும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மற்ற காரியங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்தக் கரையில் நடக்கப் போகிறவர்களுக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்துகிறது! அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒன்றரை மீட்டர் அளவுதான் வித்தியாசம். பார்க்க வேண்டிய பாறைத் தளம் தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி அன்று பகல் வற்றம் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். கோடையில் உள்ளூர் நேரம் 11.30-ஐ ஒட்டி, குளிர்காலத்தில் 10.30-ஐ ஒட்டி. அடுத்தடுத்த நாள் 40, 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக, வியாழன் அல்லது வெள்ளிக்கிழமை பௌர்ணமியோ அமாவாசையோ வந்தால், அதை ஒட்டிய சனிக்கிழமைதான் உங்கள் சனிக்கிழமை. காலையில் கிளம்பி நடந்தால், வெயில் நன்றாக ஏறுகிற நேரத்தில் கடல் அடி வரை வற்றியிருக்கும். அஷ்டமிச் சனிக்கிழமை போனால் நண்பகலை ஒட்டிக் கடல் நிறைந்து நிற்கும், வற்றம் சாயங்காலத்துக்குப் போய்விடும்.

நாட்காட்டி வாரத்தைத் தேர்ந்தெடுக்கத்தான். மணியைத் தெரிந்துகொள்ள அந்த ஊர்க் கடல் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். சுற்றுலா அலுவலகங்களில் அது கிடைக்கும், இணையத்திலும் இருக்கிறது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, எந்த நேரக் கணக்கில் அச்சடித்திருக்கிறார்கள் என்பது. ஸ்பெயினில் சில அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அப்படி இருந்தால் குளிர்காலத்தில் ஒரு மணிநேரமும் கோடையில் இரண்டு மணிநேரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் போகிறவர்கள் இரண்டு மணிநேரம் முன்கூட்டியே போய், கடல் இன்னும் வற்றவில்லையே என்று காத்திருப்பார்கள். தொல்லை அதோடு போனால் பரவாயில்லை. இரண்டாவது, மணிக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 20-இலிருந்து 120 வரை போகும், கடல் அன்றைக்கு எவ்வளவு பெரிதாக ஏறி இறங்குகிறது என்பதற்கான கெழு. 80-க்கு மேல் இருந்தால் போய் வரலாம். 45-க்குக் கீழே என்றால் மேட்டில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடல் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீனவர்களும் படகோட்டிகளும் பன்னிரண்டு பங்கு கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியிலும் மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 4 மீட்டர் ஏறுகிற நாளில் முதல் ஒரு மணிநேரத்தில் ஏறுவது ஓர் அடி போல. "இவ்வளவுதானா" என்று உட்கார்ந்து ரொட்டியைப் பிரிப்போம். மூன்றாம் மணியிலோ ஒரு முழு மீட்டர் ஏறும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும்.

ஆகவே கணக்கு இதுதான்: வற்றத்துக்கு இரண்டு மணி முன்னால் பாறைத் தளத்தில் இறங்கலாம். வற்ற நேரம் வந்ததும் திரும்பத் தொடங்குங்கள். வற்றம் முடிந்து ஒரு மணிநேரம் ஆவதற்குள் எல்லோரும் மேலே இருக்க வேண்டும். இதைத் திரும்பவும் ஒரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நடைக்கு வருவோம். தெபா என்று ஓர் ஊர், சுமாயா என்று ஓர் ஊர். இரண்டுக்கும் நடுவே மேட்டு ஓரமாக ஏறக்குறைய 14 கிலோமீட்டர். பகல் முழுக்க ஒதுக்கிவிடுங்கள். நடை மட்டும் நாலரை மணிநேரம் பிடிக்கும், கீழே இறங்கிப் பார்ப்பதற்கு ஒன்றரை மணிநேரம். தூரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஓடை வந்து கடலில் விழுகிற ஒவ்வோர் இடத்திலும் பாதை கீழே போய் மறுபடி மேலே வரும்.

சுமாயாவில் அறை எடுத்துத் தங்குங்கள். காலையில் ரயிலில் தெபாவுக்குப் போய் அங்கிருந்து நடந்து திரும்புங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சுமாயாவிலிருந்து நடந்து போய், தெபாவில் ரயிலைப் பிடிக்கக் கடைசி மூன்று கிலோமீட்டர் ஓடுகிறார்கள். கால் தளர்ந்த பிறகு எந்த வண்டியையும் பிடிக்கத் தேவையில்லாதபடி திட்டம் போடுவதுதான் புத்தி.

ரயில் எயுஸ்கோட்ரென். நம் ஊர்களில் அகலப்பாதை ஆக்கி ஒழித்துக்கட்டிய மீட்டர் கேஜ் பாதை அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சான் செபாஸ்டியனில் அமாரா நிலையத்தில் ஏறினால் சுமாயாவுக்கு முக்கால் மணி அளவில் போகலாம். சுமாயாவிலிருந்து தெபாவுக்கு இன்னொரு கால் மணி. பெரும்பாலும் மணிக்கு ஒரு வண்டிதான், ஒன்றை விட்டால் ஒரு மணிநேரம் உட்கார வேண்டியதுதான். சான் செபாஸ்டியன் பக்கத்தில் மூகி அட்டை, பில்பாவோ பக்கத்தில் பாரிக் அட்டை. ஏதாவது ஒன்றை வாங்கிப் பணம் போட்டுக்கொண்டால் டிக்கெட்டுக்கு நிற்க வேண்டாம். உள்ளே போகும்போது தட்டுவது போலவே வெளியே வரும்போதும் தட்ட வேண்டும்.

வற்றம் 11.30-க்கு என்றால், தெபாவில் காலை எட்டு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கிவிடுங்கள். நாம் இறங்கிப் பார்க்க வேண்டிய சாகொனெட்டா பாதி வழிக்கு அப்பால் இருக்கிறது. போய்ச் சேர இரண்டரை, மூன்று மணிநேரம் ஆகும். தெபாவை விட்டதும் எடுத்த எடுப்பிலேயே ஏற்றம். அவசரப்படாமல் ஏறுங்கள். தெபாவை விட்டால் கடையை நம்பி நடக்காதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ரொட்டி, பழம் பையில் இருக்கட்டும்.

வழி காட்டுவது சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டைகள். கம்பத்திலும் பாறையிலும் மரத்திலும் பூசியிருப்பார்கள். நெடும்பாதைகளுக்கான குறி அது. இந்தப் பாதையின் எண் 121. பட்டைகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே இருந்தால் தவறான வழி, திரும்பிவிடுங்கள். தெபாவை விட்டு ஏறும்போது மஞ்சள் அம்புக்குறிகளும் கண்ணில் படும். அவை சாந்தியாகோவுக்குப் போகிற யாத்திரைப் பாதைக்கானவை. அந்தப் பாதை தெபாவிலிருந்து கடலை விட்டு மலைக்குள் போகிறது. மஞ்சள் அம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் புண்ணியம் கிடைக்கலாம், கடல் கிடைக்காது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களின் நடுவே பாதை போகிறது. படல்கள் வரும். திறந்து உள்ளே போனதும் மறக்காமல் சாத்துங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் அந்தக் களிமண் செருப்பைக் கழற்றி வைத்துக்கொள்ளும். அடியில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் வேண்டும். வழவழத்த அடியுள்ள ஓட்டக் காலணி போட்டு வருகிறவர்கள் ஏற்றத்தில் சமாளித்துவிடுகிறார்கள், இறக்கத்தில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சாகொனெட்டாவில் மேட்டிலிருந்து கீழே பார்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது. படம் காட்ட முடியாது, வானொலி இது. வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பு, வாய்க்கால், வரப்பு, வாய்க்கால் என்று நூற்றுக்கணக்கில், எல்லாம் கல்லில், கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு போகின்றன. ஆழ்கடல் அடியில் படிந்த அடுக்குகள் அவை. ஓர் அடுக்கு கெட்டியான சுண்ணாம்புக்கல், அடுத்தது மெத்தென்ற களிச்சுண்ணம், மறுபடி கெட்டி, மறுபடி மெத்து. பிற்பாடு ஐபீரியப் பாறைத்தட்டு ஐரோப்பாவோடு முட்டிப் பிரனீஸ் மலை எழுந்தபோது, படுத்துக் கிடந்த அடுக்கெல்லாம் நிமிர்ந்துகொண்டது. அலை மெத்தென்றதை அரித்துத் தின்கிறது, கெட்டியானது வரப்பாக நிற்கிறது. மண்ணியல்காரர்கள் இதைப் பிளிஷ் என்பார்கள்.

சுமாயாவின் இட்சுருன் கடற்கரைக்குப் போனால் அதே அடுக்குகள் செங்குத்தாக, அலமாரியில் புத்தகம் அடுக்கியது போல நிற்கும். ஒவ்வொரு தாளும் ஆயிரக்கணக்கான வருடம். அந்தச் சுமாயாப் பாறைகளில் கைவிரல் அகலத்துக்கு ஒரு கருத்த களிமண் கோடு ஓடுகிறது. அதில் இரிடியம் என்ற உலோகம் வழக்கத்துக்கு மேல் இருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் வருடங்களுக்கு முன்னால் விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்த காலத்துக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு யுகம், அந்தப் பக்கம் வேறு யுகம். இதே கடற்கரையில் இன்னும் இரண்டு கால எல்லைகளை உலகத்துக்கே அளவுகோலாக 2008-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செலாண்டியன், தானேசியன் என்று பெயர். உலகில் வேறு எங்கே அந்தக் காலத்துப் பாறையைப் பார்த்தாலும் சுமாயாவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். மூத்ரிகு, தெபா, சுமாயா மூன்று ஊர்களும் சேர்ந்த கரை 2015 முதல் யுனெஸ்கோ புவிப்பூங்கா. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் கல்லோ சிப்பியோ எடுத்துப் பையில் போடக்கூடாது. குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த வரப்புக்குத் திரும்புவோம். அழகாக இருக்கிற அந்த அமைப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. வரப்பின்மேல் நடந்து கடல் பக்கம் போய் நிற்கிறீர்கள். முன்னால் அலை தூரத்தில் இருக்கிறது. கண் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் முன்னால் ஏறி வருவதில்லை, இரண்டு பக்கத்து வாய்க்கால் வழியாகச் சத்தமில்லாமல் உங்களைத் தாண்டிக் கரைக்குப் போய், பின்னால் சேர்ந்துகொள்கிறது. திரும்பிப் பார்க்கும்போது முழங்கால் தண்ணீர், அடியில் பச்சைப் பாசி. பாசி பிடித்த கல்லில் ஓடமுடியாது, ஓடினால் விழுவோம். அதனால் திரும்பவும் சொல்கிறேன்: வற்றத்துக்கு இரண்டு மணி முன்னால் இறங்குங்கள், வற்ற நேரத்தில் திரும்புங்கள், அதிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் மேலே வாருங்கள். அடிப்பாறை வழியாகவே சுமாயா வரை போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். நடுவில் ஏற வழியில்லாத செங்குத்துப் பாறைகள் இருக்கின்றன. மேட்டு அடியில் நிழல் இருக்கிறதே என்று உட்காராதீர்கள். அந்த அடுக்கிலிருந்து கல் உதிர்ந்துகொண்டே இருக்கும். கீழே கிடக்கிற புதுச் சில்லுகளைப் பார்த்தாலே தெரியும்.

இங்கே ஒரு கிளைப்பேச்சு. வழிப்பலகைகளைப் படிப்பது பற்றி. பாஸ்க் மொழிக்கு அவர்கள் சொல்கிற பெயர் எயுஸ்காரா. சுற்றியுள்ள எந்த மொழிக்கும் அது உறவில்லை. ஆனால் பலகையைப் பார்த்தால் நமக்கு ஒரு பழக்கம் தெரியும். சுமாயான் என்றால் சுமாயாவில். சுமாயாரா என்றால் சுமாயாவுக்கு. சுமாயாட்டிக் என்றால் சுமாயாவிலிருந்து. பெயருக்கு முன்னால் ஒன்றும் போடுவதில்லை, நம்மைப் போல வாலில் ஒட்டுகிறார்கள். அதனால் தெபாட்டிக் சுமாயாரா என்று பலகை இருந்தால், எந்தப் பக்கம் போகிற பாதை என்று ஸ்பானிஷ்காரர் தடுமாறுகிற இடத்தில் தமிழர் தடுமாற மாட்டார். இத்சாஸ் என்றால் கடல், கோரா என்றால் மேலே, பெஹெரா என்றால் கீழே. இத்சாஸ்கோரா ஏற்றம், இத்சாஸ்பெஹெரா வற்றம். இந்த இரண்டையும் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். கொந்துஸ் என்றால் கவனம். இச்சித்தா என்றால் மூடியிருக்கிறது. ரோமன் எழுத்தில் இசட் வந்தால் ச போலப் படியுங்கள். டி-யும் எக்ஸும் சேர்ந்து வந்தால் அழுத்தமான ச்ச. எதிரே வருகிறவர்களிடம் "காய்ஷோ" சொன்னால் வணக்கம், "எஸ்கெரிக் அஸ்கோ" சொன்னால் நன்றி.

ஒட்டுவதைப் பார்த்துத் தமிழும் பாஸ்க்கும் அக்கா தங்கை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வாலில் ஒட்டுகிற மொழிகள் உலகில் ஏராளம். ஆனால் இரண்டு மொழியையும் ஒருசேர ஆராய்ந்த மனிதர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். ஜூலியன் வின்சோன், 1843-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு இந்தியாவில் வளர்ந்து சிறு வயதிலேயே தமிழ் கற்றவர். பிறகு வனத்துறை வேலையில் பிரெஞ்சுப் பாஸ்க் பகுதியிலுள்ள பயோனுக்குப் போய் எயுஸ்காராவில் விழுந்துவிட்டார். பாஸ்க் மொழியில் அச்சான நூல்களுக்கெல்லாம் பெரிய அட்டவணை தயாரித்தார். இன்னொரு பக்கம் பாரிசில் கீழை மொழிகள் பள்ளியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, 1903-இல் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தமிழ்க் கையேடு ஒன்றும் வெளியிட்டார். காட்டிலாகா அதிகாரிக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து கிடைத்ததோ!

வானிலை. அங்கே ஒரு மழைக்குப் பெயர் சிரிமிரி. பெயரைக் கேட்டாலே நனைகிறது. குற்றாலச் சாரல் போன்றது. குடை விரிக்கும் அளவுக்கு இருக்காது, விரிக்காவிட்டால் அரைமணியில் சட்டை பிழிகிற நிலைக்கு வந்துவிடும். சான் செபாஸ்டியனில் வருடத்துக்குப் பெய்கிற மழை சென்னை மழைக்குக் குறைந்ததில்லை. நமக்கு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ப்பதை அங்கே பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மேட்டில் காற்று அடிப்பதால் குடை உதவாது. தலைமூடியுள்ள மழைச்சட்டை வேண்டும், ஆகஸ்டிலும் வேண்டும்.

பயப்பட வேண்டியது மழைக்கு இல்லை, கலெர்னாவுக்குத்தான். வசந்தத்திலும் கோடையிலும் தெற்கிலிருந்து அனல் காற்று வீசி, வழக்கத்துக்கு மேல் புழுங்குகிற நாள் ஒன்று வரும். மத்தியானத்துக்கு மேல் அந்தக் காற்று சட்டென்று நின்றுபோகும். மேற்கே கடல் விளிம்பில் கருமை தெரியும். சில நிமிடங்களில் வடமேற்கிலிருந்து புயல் போலக் காற்று பாயும், வெப்பம் பத்து டிகிரிக்கும் மேல் இறங்கும், கடல் கொந்தளிக்கும். 1912 ஆகஸ்டில் இப்படி ஒரு கலெர்னாவில் 143 மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் பெர்மேயோ என்ற ஒரே ஊர்க்காரர்கள். இப்போது எயுஸ்கால்மெட் என்ற பாஸ்க் வானிலை நிலையம் முன்னறிவிப்பு கொடுக்கிறது. காலையில் அதைப் பாருங்கள். புழுக்கமான நாளில் காற்று திடீரென்று நின்றால் அலையோரத்தை விட்டு, மேட்டு விளிம்பை விட்டு உள்ளே தள்ளி வாருங்கள். அவசரத்துக்கு எண் 112.

சாப்பாடு. அங்கே மதிய உணவு 1.30-க்கு மேல்தான். 3.30-க்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு 8.30-க்கு முன்னால் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நடந்து களைத்து ஐந்து மணிக்குச் சுமாயாவில் வந்து விழுந்தால் சோறு கிடைக்காது, பிஞ்சோ கிடைக்கும். ரொட்டித் துண்டின்மேல் எதையாவது வைத்துக் குச்சி குத்திய சிறு பலகாரம். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை அடை, முட்டையும் வேண்டாம் என்றால் வறுத்த கெர்னிகா மிளகாய், இதியசாபல் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. பச்சைக் காய்கறிக் கலவை என்று கேட்டாலும் அதன்மேல் சூரை மீனைத் தூவிக் கொண்டுவருவார்கள், மீன் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சாக்கொலி என்ற வெள்ளை ஒயினைக் காபி ஆற்றுவது போல உயரத் தூக்கி ஊற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், மறுநாளைக்கு வேண்டியதைச் சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இலகுவான நடை, சுமாயாவிலிருந்து கெட்டாரியா வழியாகச் சராவுட்ஸ். 10 கிலோமீட்டர் போல. முதல் பாதி ஆஸ்கிசு என்ற சிற்றூர் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே. நாம் யாத்திரைக்காரர்களுக்கு எதிர்த்திசையில் நடப்போம், அதனால் மஞ்சள் அம்புகள் நம்மைப் பார்த்திருக்கும். சந்தியில் நின்று கம்பத்தின் பின்பக்கத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கெட்டாரியா, 1522-இல் உலகத்தை முதன்முதலாகச் சுற்றி முடித்த கப்பலைக் கொண்டுவந்து சேர்த்த எல்கானோ பிறந்த ஊர். உடை வடிவமைப்பாளர் பாலென்சியாகாவும் அந்த ஊர்க்காரர், அவருக்கு அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஊர்த் தேவாலயத்தின் தரை சாய்வாக இருக்கும், உங்கள் காலில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஊரில் ரயில் கிடையாது, பேருந்துதான். அங்கிருந்து சராவுட்ஸ் வரை 4 கிலோமீட்டர் கடலை ஒட்டி நடைமேடை கட்டியிருக்கிறார்கள், தள்ளுவண்டிக் குழந்தையும் போகலாம். பெரிய அலை நாட்களில் அலை மேடையைத் தாண்டிச் சாலையில் விழும், வழியை அடைத்துவிடுவார்கள். இச்சித்தா என்று பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

சான் செபாஸ்டியனில் தங்குகிறவர்களுக்கு வேறு ஒரு நடை. சுரியோலா கடற்கரை முடிகிற இடத்தில் உலியா குன்றில் ஏறி, கடல் பக்கமாகவே நடந்தால் மூன்று மணிநேரத்தில் பசாயா துறைமுகம். உலியாவில் திமிங்கிலம் வருகிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பதற்காகவே காவல் இருந்த பாறைகள் உண்டு. பசாயாவுக்கு இறங்கினால் எதிர்க்கரையில் பசாய் தோனிபானே. நடுவே குறுகிய கடல்வாய், சிறு படகில் நிமிட நேரத்தில் கடந்துவிடலாம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

படகு ஏறுவதற்கு முன்னால், இந்தக் கரையிலேயே அல்பாவோலா என்ற கப்பல் பட்டறை இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சான் ஹுவான் என்று ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல். அட்லாண்டிக்கைத் தாண்டிக் கனடாவின் லாப்ரடோர் கரைக்குப் போய், பீப்பாய் பீப்பாயாகத் திமிங்கில எண்ணெய் ஏற்றிக்கொண்டு திரும்பும் நேரத்தில், 1565-இல் புயலில் அங்கேயே மூழ்கிவிட்டது. நானூறு வருடம் யாருக்கும் நினைவில்லை. செல்மா பார்க்கம் என்ற ஆய்வாளர் பாஸ்க் ஊர்களின் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பழைய உயில்கள், வழக்குத் தாள்கள், காப்பீட்டுப் பத்திரங்களைப் படித்து, பாஸ்க் வேட்டைக்காரர்கள் கனடாவில் எந்தெந்தத் துறைகளில் தங்கினார்கள் என்று கண்டுபிடித்தார். கடலில் தேடவேண்டிய இடத்தைத் தாளில் தேடிக் கண்டார். அவர் சொன்ன ரெட் பே துறையில் 1978-இல் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தால், குளிர்ந்த தண்ணீரில் மரம் மக்காமல் கப்பல் கிடக்கிறது. கனடா தொல்லியலாளர்கள் பலகை பலகையாக வெளியே எடுத்து அளந்து வரைந்துவிட்டு, மறுபடி கடலடியிலேயே புதைத்து வைத்தார்கள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால்.

அந்த அளவுகளை வைத்துத்தான் பசாயாவில் அதே கப்பலை மறுபடி கட்டினார்கள். மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நவார்ராவின் சகானா பள்ளத்தாக்கில் பழைய காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓக் மரம் இளசாக இருக்கும்போதே கிளைகளை வெட்டியும் வளைத்தும், கப்பலின் விலா எலும்புக்கு எந்த வளைவு வேண்டுமோ அந்த வளைவில் வளர்ப்பார்கள். மரத்தை வளைத்துக் கப்பல் செய்வது எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே கப்பலையே மரத்தில் வளர்த்திருக்கிறார்கள். வெட்டுகிறவர் நட்டவருக்குக் கொள்ளுப்பேரனாக இருப்பார். அந்தக் கப்பல் தண்ணீரிலும் இறங்கிவிட்டது. பட்டறைக்குள் போனால் தார் வாசனையும் சணல் வாசனையும் அடிக்கும், தச்சர்கள் வேலை செய்துகொண்டிருப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சனிக்கிழமை மட்டும்தான் ஓய்வு என்கிறவர்கள் நடையைக் குறைத்துக்கொண்டாவது இங்கே ஒரு மணிநேரம் கொடுங்கள். சுற்றிப் பார்த்துவிட்டு...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடம். பிரெஞ்சுப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓட்டமாகத்தான் சொல்ல வேண்டும்.

பில்பாவோ பக்கம் தங்குகிறவர்கள் காஸ்தெலுகாட்சே போவார்கள். கடலுக்குள் ஒரு பாறை, உச்சியில் கோயில், 241 படி. மேலே போய் மணியை மூன்று தடவை அடிப்பது வழக்கம். கூட்ட நாட்களில் இலவச அனுமதிச் சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். படிகளை எல்லோரும் சொல்வார்கள், படிக்கு முன்னால் வருகிற இறக்கத்தை யாரும் சொல்வதில்லை. திரும்பும்போது அதுவும் ஏற்றம்தான், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரான்சுக்கு வந்தால், ஆந்தாய் ஊரிலிருந்து சான் ழான் து லூஸ் வரை கரைப்பாதை. அபாதியா முனையில் புல்வெளி, கீழே இரட்டைப் பாறை. அந்தப் பக்கத்து மேடு இடிந்துகொண்டிருப்பதால் பாதையை அவ்வப்போது மாற்றி விடுகிறார்கள், பழைய வரைபடத்தை நம்பாமல் பலகையை நம்புங்கள். பாரிசிலிருந்து வருகிறவர்களுக்கு அதிவேக ரயில் ஆந்தாய் வரை வருகிறது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே தோப்போ என்று செல்லமாகச் சொல்கிற சிறு ரயில் நிற்கும், தோப்போ என்றால் அகழெலி. சுரங்கத்துக்குள் புகுந்து புகுந்து போவதால் அந்தப் பெயர். அதில் ஏறினால் முக்கால் மணிக்குள் சான் செபாஸ்டியன்.

ஆந்தாய்க்கும் ஒந்தாரிபியாவுக்கும் நடுவே கழிமுகத்தில் படகு ஓடுகிறது, பத்து நிமிடத்துக்குள் நாடு மாறிவிடும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். ஆற்றில் சற்று உள்ளே தள்ளி ஃபெசண்ட் தீவு என்று ஒரு திட்டு. பிப்ரவரி முதல் ஜூலை வரை ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்சுக்கு. 1659-இல் இரண்டு நாடுகளும் சமாதான ஒப்பந்தம் போட்ட இடம் அது. இறங்க விடமாட்டார்கள், கரையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சு அட்டவணைகள் சிலவற்றில் மணி உள்ளூர் நேரத்திலேயே இருக்கும், அவற்றில் ஒன்றும் கூட்ட வேண்டாம். பழக்கதோஷத்தில் இரண்டு மணிநேரம் கூட்டிவிட்டு...

சரி, சரி. விளக்கு எரிகிறது. வணக்கம்.